வராத கார்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது?

சென்ட்ஓஎஸ் 6 ஓடிய காலத்தில் மெய்நிகர் இயந்திரங்களை நகலெடுத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடமாக இருந்தது: எத்0 என்ற சாதனம் இருப்பதாகத் தெரியவில்லை, தொடங்குவதைத் தள்ளிவைக்கிறேன். ஒரு சர்வரை ஒழுங்காக அமைத்து, அதையே அச்சாக வைத்து இன்னும் நாலைந்து எடுப்பார்கள். அச்சு நன்றாக ஓடும். நகல்களும் பூட் ஆகும், லாகின் திரையும் வரும், நெட்வொர்க் மட்டும் இருக்காது. கன்சோல் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால் எத்0 இருக்க வேண்டிய இடத்தில் எத்1 உட்கார்ந்திருக்கும்.

காரணம் எளிது. நகலெடுக்கும்போது ஹைப்பர்வைசர் புதிய மேக் முகவரி ஒன்றைத் தரும். தராவிட்டால் ஒரே சுவிட்சில் இரண்டு கார்டுகள் ஒரே முகவரியோடு நின்று சண்டையிடும். ஆனால் அச்சின் வட்டில், எண் 70-இல் தொடங்கும் யூடெவ் விதிக்கோப்பு ஒன்று, பழைய மேக் முகவரிக்கு எத்0 என்ற பெயரைப் பதிந்து வைத்திருக்கும். நகல் எழுந்ததும் யூடெவ் புதிய முகவரியைப் பார்க்கிறது. இது வேறு கார்டு, எத்0 ஏற்கெனவே இன்னொன்றுக்கு ஒதுக்கியாயிற்று என்று எத்1 என்ற பெயரை வைக்கிறது. ஐபி முகவரி எழுதியிருக்கும் கோப்போ எத்0-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பிலும் பழைய மேக் முகவரி ஒரு வரியாக இருந்துவிட்டால், பெயரைச் சரிசெய்த பிறகும் முகவரி பொருந்தவில்லை என்று அது ஒதுங்கிவிடும்.

இரும்புச் சர்வரில் கார்டு காணவில்லை என்றால் அது பழுதாகியிருக்கும், அல்லது யாரோ கழற்றியிருப்பார்கள். மெய்நிகர் இயந்திரத்தில் கார்டு என்பது ஹோஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, கெஸ்ட்டின் வட்டில் இன்னொரு வரி. இரண்டையும் எழுதுபவர்கள் வேறு, எழுதும் நேரமும் வேறு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பூட் நேரத்தில் கார்டு காணாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டு பதிவேடுகளும் ஒத்துப்போகாததால்தான். அப்போது ஹோஸ்ட் கெஸ்ட்டைத் தொடங்கவே மறுப்பதா, கெஸ்ட் நின்று காத்திருப்பதா, காத்திருந்தால் எவ்வளவு நேரம், நேரம் கடந்தபின் என்ன என்பதற்கு ஒவ்வொரு அமைப்பும் தன் போக்கில் விடை எழுதிவைத்திருக்கிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில், இந்த விடையை இயங்குதளத்தின் பழக்கம் தீர்மானிக்கக் கூடாது, அந்த இயந்திரம் செய்யும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ஹோஸ்ட்டின் வாசலில்

முதல் சோதனை கெஸ்ட் கண் விழிப்பதற்கு முன்பே நடக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு இயந்திரத்தை மடிக்கணினியின் யூஎஸ்பி ஈத்தர்நெட் கார்டோடு பிரிட்ஜ் செய்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அந்தக் கார்டைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தைத் தொடங்கினால், அந்தப் பெயரில் ஹோஸ்ட்டில் இடைமுகம் ஏதும் இல்லை என்று சொல்லி விர்ச்சுவல்பாக்ஸ் தொடங்க மறுக்கும். அந்தச் செய்தியின் அடைப்புக்குறிக்குள் ‘உள் பிழை’ என்ற பொருளில் ஒரு குறியீடும் வரும். உள்ளே பிழை எதுவும் இல்லை, கம்பி பிடுங்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் அந்தக் குறியீட்டைப் பார்த்து மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவுவார்கள்.

இதே நிலையில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஈத்தர்நெட்0 இணைக்கப்படாத நிலையில் தொடங்கும் என்று ஒரு அறிவிப்பைக் காட்டிவிட்டு இயந்திரத்தை ஓடவிடும். கெஸ்ட்டுக்குக் கார்டு தெரியும், கம்பி மட்டும் செருகப்படாததுபோல் இருக்கும். பெயர் மாறாது, டிரைவர் மாறாது, ஹோஸ்ட்டில் பிரிட்ஜைச் சரிசெய்து இணைத்தால் கெஸ்ட் தானாக உயிர்பெறும். இந்த இரண்டில் விஎம்வேரின் வழியே மேல் என்பேன். சாதனத்தையே மறைப்பதும் சாதனத்தை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் விடுவதும் கெஸ்ட்டின் பார்வையில் ஒன்றல்ல. முதலாவது பெயர்களையும் வரிசையையும் குலைத்துவிடும். இரண்டாவதைக் கையாளும் வழி எல்லா இயங்குதளங்களுக்கும் பழக்கமானது.

லினக்ஸ் ஹோஸ்ட்களில் பரவலாக உள்ள லிப்விர்ட் கண்டிப்பானது. ‘டிஃபால்ட்’ என்ற உள்ளமைந்த நெட்வொர்க் இயங்கவில்லை என்றாலும், பிரிட்ஜின் பெயரில் ஒரு சாதனம் ஹோஸ்ட்டில் இல்லை என்றாலும் இயந்திரம் தொடங்காது. பிரிட்ஜ் இல்லாதபோது அதன் எம்டியூவைப் படிக்க முடியவில்லை என்று வரும் செய்தி, என்ன குறை என்பதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிடி டிரைவில் வட்டு இல்லாவிட்டாலும் போகட்டும் என்று லிப்விர்ட்டின் அமைப்பில் எழுத முடியும், யூஎஸ்பி சாதனத்துக்கும் அப்படி எழுத முடியும். நெட்வொர்க் கார்டுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. மின்சாரம் போய்வந்த பிறகு ஹோஸ்ட் எழுந்தும் கெஸ்ட்கள் எழாமல் கிடப்பதற்கு, தானாகத் தொடங்கும் குறி இடப்படாத இந்த ‘டிஃபால்ட்’ நெட்வொர்க் அடிக்கடி காரணமாகிறது.

ஜென்னில் இது கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கெஸ்ட்டில் முன்பாதி டிரைவர், ஹோஸ்ட்டில் பின்பாதி டிரைவர். இரண்டும் ஜென்ஸ்டோர் என்ற பொதுப் பலகையில் தங்கள் நிலையை எண்களாக எழுதிக்கொண்டே வந்து இணைகின்றன. ஹோஸ்ட்டின் ஹாட்பிளக் ஸ்கிரிப்ட் பிரிட்ஜைக் கண்டுபிடிக்காவிட்டால் பின்பாதி தயாராகாது. பழைய கருவித்தொகுப்பு, 0-ஆம் சாதனத்தை இணைக்க முடியவில்லை, ஹாட்பிளக் ஸ்கிரிப்ட்கள் வேலை செய்யவில்லை என்று சொல்லி இயந்திரத்தைக் கைவிட்டுவிடும். ஹோஸ்ட் அப்படிக் கைவிடாமல் ஓடவிட்ட இடத்தில் கெஸ்ட் கர்னல் காத்திருக்கும். சாதனங்கள் தயாராகக் காத்திருக்கிறேன் என்று எழுதி 25 நொடி, 20 நொடி, 15 நொடி என்று திரையில் எண்ணிக்கொண்டு வரும் அந்த வரியை ஜென் இயக்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விசைப்பலகை, திரை போன்றவற்றையும் சேர்த்து முதலில் 30 நொடி. வட்டு, நெட்வொர்க் போன்ற இன்றியமையாதவற்றுக்கு அந்த 30-ஐயும் சேர்த்து 270 நொடி. அதன்பிறகு எந்தச் சாதனம், இந்தப் பக்கம் எந்த நிலை, அந்தப் பக்கம் எந்த நிலை என்று எழுதிவிட்டு பூட் தொடரும். இரு பதிவேடுகளில் எது எங்கே நின்றது என்று வெளிப்படையாகச் சொல்லும் பிழைச்செய்தி இந்தத் துறையில் அபூர்வம். ஜென்னின் இந்த ஒரு வரிக்கு என் மரியாதை உண்டு.

ஹைப்பர்-வி மனிதரைக் கேட்கும். வேறு ஹோஸ்ட்டிலிருந்து கொண்டுவந்த இயந்திரம் நாடும் விர்ச்சுவல் சுவிட்ச் இங்கே அந்தப் பெயரில் இல்லையென்றால், இறக்குமதியின்போதே எந்தச் சுவிட்சோடு இணைக்கட்டும் என்று கேட்டுவிடும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது சரி, இரவு இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் செய்யும் வேலைக்கு இது ஆகாது.

பெயரை எதில் கட்டுவது?

கெஸ்ட் விழித்த பிறகு வரும் முதல் கேள்வி, எந்தக் கார்டு எது என்பது. லினக்ஸ் கர்னல் கண்டுபிடித்த வரிசையில் எத்0, எத்1 என்று பெயர் வைத்தது. டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கியதும் வரிசை நிலையற்றுப் போனது. அதற்கு மருந்தாகத்தான் மேக் முகவரியில் பெயரைக் கட்டும் யூடெவ் விதிகள் வந்தன. இரும்புச் சர்வருக்கு அது பொருந்தியது. மெய்நிகர் உலகில் மேக் முகவரி ஹைப்பர்வைசர் அவ்வப்போது எழுதித் தரும் ஒரு எண்தான். முன்னொட்டைப் பார்த்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும்: 52:54:00 என்று தொடங்கினால் கேவிஎம், 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ், 00:50:56 என்றால் விஎம்வேர். டெபியனின் விதி எழுதும் கோப்பு, கேவிஎம், விஎம்வேர், ஹைப்பர்-வி முன்னொட்டுகளைக் கண்டால் பெயரைப் பதியாமல் கடந்துபோகும்படி திருத்தப்பட்டது. நகல் சிக்கல் அதோடு தீர்ந்தது, ஆனால் இரண்டு கார்டு உள்ள கெஸ்ட்டுக்கு மறுபடி வரிசையை நம்ப வேண்டிய நிலை. அப்படித் திருத்தம் கிடைக்காத அமைப்புகளில் ஆட்கள் அந்த விதிக்கோப்பை அழித்து, அந்தப் பெயரை டெவ்-நல்லுக்குச் சுட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். லிப்கெஸ்ட்எஃப்எஸ் குழுவின் விர்ட்-சிஸ்பிரெப் கருவி இந்தச் சுத்திகரிப்பை ஒரே கட்டளையில் செய்து தருகிறது.

2013 ஜனவரியில் வெளியான சிஸ்டம்டி 197, கார்டு செருகப்பட்ட இடத்தைக் கொண்டு பெயர் வைக்கத் தொடங்கியது. விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்டில் இஎன்பி0எஸ்3, விஎம்வேரில் இஎன்எஸ்33 அல்லது இஎன்எஸ்192 என்ற பெயர்கள் வந்தது இதனால்தான். நகல் எடுத்தாலும் மெய்நிகர் பிசிஐ வரிசை அப்படியே இருக்கும் என்பதால் பெயரும் நிலைக்கும். நகல் சிக்கலுக்கு இது நல்ல விடை. ஆனால் நோய் இடம் மாறியது. அதே இயந்திரத்தை விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்குக் கொண்டுபோனால் பிசிஐ அமைப்பே வேறு, பெயரும் வேறு; இஎன்எஸ்192-ஐத் தேடும் கோப்பு அநாதையாகிவிடும்.

இதன் கொடிய வடிவம் ஹோஸ்ட்டிலேயே நிகழ்வது. பிராக்ஸ்மாக்ஸ் ஓடும் சர்வரில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ வட்டையோ புதிதாகச் செருகுகிறார்கள். பிசிஐ பஸ் எண்கள் ஒன்று தள்ளிப்போகின்றன. இஎன்பி3எஸ்0 என்று இருந்தது இஎன்பி4எஸ்0 ஆகிறது. பிரிட்ஜின் அமைப்பில் பழைய பெயர்தான் இருக்கிறது. லினக்ஸ் பிரிட்ஜ் துறை (போர்ட்) ஏதும் இல்லாமலும் உருவாகக்கூடியது என்பதால் விஎம்பிஆர்0 என்ற அந்தப் பிரிட்ஜ் எழுகிறது, ஐபி முகவரியும் ஏறுகிறது, கெஸ்ட்களும் அதில் ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று நன்றாகவே பேசிக்கொள்கின்றன. வெளியுலகம் மட்டும் இல்லை. நிர்வாகப் பக்கமும் அந்த ஐபியில்தான் என்பதால், திரையையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்குப் போவது தவிர வழியில்லை. அண்மைக் காலத்தில் பிராக்ஸ்மாக்ஸே பெயரை மேக் முகவரியோடு பூட்டிவைக்கும் ஒரு கருவியைத் தருகிறது. ஹோஸ்ட்டில் மேக் முகவரி உண்மையான கார்டில் எரிக்கப்பட்டது, எனவே அங்கே அதை நம்பலாம். கெஸ்ட்டில் இடத்தை நம்பலாம். ஹோஸ்ட்டுக்கும் கெஸ்ட்டுக்கும் ஒரே விதியைப் போட்டதால்தான் இவ்வளவு அல்லல்.

நொடிக் கணக்கு

பந்தியில் இலை போட்டாயிற்று, ஆள் வரவில்லை; பரிமாறுகிறவர் அந்த இலைக்கு முன்னால் நிற்பதா, அடுத்த இலைக்குப் போவதா? டெபியனின் இஃப்அப்டவுன் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ‘ஆட்டோ’ என்று எழுதினால் பூட்டின்போது கட்டாயம் எழுப்பப்பார்க்கும். கார்டு இல்லையென்றால் நெட்வொர்க் சேவையே தோல்வி என்று பதியும். ‘அலோ-ஹாட்பிளக்’ என்று எழுதினால் கார்டு தென்படும்போது மட்டும் எழுப்பும், தென்படாவிட்டால் எதுவும் பேசாது. கெஸ்ட்டுக்கு இரண்டாவதே உகந்தது. ஆனால் நெட்வொர்க் எழுந்துவிட்டது என்று நம்பி அடுத்து ஓடும் சேவைகளுக்கு அது பொய் சொன்னதாகிவிடும்.

காத்திருக்கும் அமைப்புகளின் கெடு நேரங்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. உபுண்டு 12.04-இல் நெட்வொர்க் வராவிட்டால் இன்னும் 60 நொடி பார்க்கிறேன் என்று திரையில் சொல்லி, மொத்தம் இரண்டு நிமிடம் நின்று, பிறகு முழு நெட்வொர்க் இல்லாமலே பூட்டைத் தொடரும். டெபியனில் இடைமுகங்களை எழுப்பும் சிஸ்டம்டி சேவைக்கு ஐந்து நிமிடக் கெடு. சிஸ்டம்டியின் சொந்த நெட்வொர்க் நிர்வாகியோடு வரும் காத்திருப்புச் சேவைக்கு 120 நொடி, நெட்வொர்க்மேனேஜருக்கு இப்போது 60 நொடி. அமேசான் கிளவுடில் மெட்டாடேட்டா தரும் 169.254.169.254 என்ற முகவரி பதில் சொல்ல கிளவுட்-இனிட் 120 நொடி பொறுக்கும். வட்டே நெட்வொர்க்கில் இருக்கும் இயந்திரங்களுக்காக லினக்ஸ் கர்னலுக்குள் உள்ள ஐபி அமைப்புப் பகுதி இன்னும் நுணுக்கமானது: கார்டு என்ற சாதனம் தென்பட 12 நொடி, தென்பட்ட கார்டில் கம்பித் தொடர்பு வர 120 நொடி. சாதனமே இல்லாததும் தொடர்பு வராததும் வெவ்வேறு நிலைகள் என்று இந்தப் பட்டியலில் பிரித்துப் பார்த்தது இது ஒன்றுதான். மெய்நிகர் கார்டு 12 நொடியில் தென்படவில்லையென்றால் 300 நொடியிலும் பெரும்பாலும் தென்படாது. காத்திருப்பதால் பலன் கிடைப்பது இரண்டாவது நிலையில்தான். சுவிட்ச் துறை திறக்கவோ டிஹெச்சிபி பதில் வரவோ நேரமாகலாம்.

சிஸ்டம்டி இன்னொரு நல்ல வேறுபாட்டைக் கொண்டுவந்தது. நெட்வொர்க் நிர்வாகி ஓடத் தொடங்கிவிட்டது என்பது ஒரு படி, நெட்வொர்க் உண்மையில் வேலை செய்கிறது என்பது வேறு படி. இரண்டாவதைக் கேட்கும் சேவைகள் மட்டும் காத்திருக்கட்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். நடைமுறையில் எவனோ ஒருவன் எழுதிய ஒரு சேவைக்கோப்பு இரண்டாவது படியைக் கேட்டுவிட்டால் போதும், மொத்த பூட்டும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். உபுண்டு 17.10-இலிருந்து வந்த நெட்பிளானில், ஒரு கார்டை ‘கட்டாயமில்லை’ என்று ஒரே வரியில் குறிக்கலாம். சோதனைக்காகச் சேர்த்து ஐபி தராமல் விட்ட இரண்டாவது கார்டுக்காக ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் இழக்கும் கெஸ்ட்கள் எண்ணற்றவை. அந்த ஒரு வரியை எழுதுவோர் குறைவு.

காத்திருப்பையே தவிர்க்கும் வழியும் உண்டு. வெப் சர்வர் குறிப்பிட்ட ஐபி முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைத்திருந்தால், அந்த முகவரி இன்னும் ஏறாத நிலையில் அது விழுந்துவிடும். எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி எழுதினாலோ, இல்லாத முகவரியிலும் கட்டிக்கொள்ள லினக்ஸ் தரும் அனுமதியை இயக்கினாலோ கார்டு எப்போது வந்தாலும் சேவை தயாராக இருக்கும்.

ஒரே கர்னல், எதிரெதிர் குணம்

ஃப்ரீபிஎஸ்டி இந்த விஷயத்தில் மௌனி. ஆர்சி.கான்ஃப் கோப்பில் இஎம்0-க்கு என்ன எழுதியிருந்தாலும், பூட்டின்போது கர்னலில் உள்ள இடைமுகங்களின் பட்டியலை எடுத்து அவற்றுக்கு மட்டும் வரி தேடும். மெய்நிகர் கார்டை இன்டெல் வகையிலிருந்து விர்ட்டியோவுக்கு மாற்றினால் பெயர் இஎம்0-இலிருந்து விடிநெட்0 ஆகும். பழைய வரியை யாரும் படிக்க மாட்டார்கள், புகாரும் வராது.

அதே ஃப்ரீபிஎஸ்டி மேல் எழுந்த பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை எடுத்துக்கொள்வோம். விஎம்வேரில் ஓடியதன் அமைப்பைப் பிராக்ஸ்மாக்ஸில் மீட்டால், விஎம்எக்ஸ்0 எங்கே, விஎம்எக்ஸ்1 எங்கே என்று பார்த்து, அமைப்பில் உள்ள இடைமுகங்கள் இங்கே இல்லை என்று அறிவித்து கன்சோலிலேயே நின்றுவிடும். எந்தக் கார்டு இணையப் பக்கம், எது உள்பக்கம் என்று ஒரு மனிதர் தட்டச்சு செய்யும்வரை நகராது. எரிச்சலாக இருக்கும். ஆனால் ஃபயர்வால் தானாக ஊகித்து, உள்பக்கத்து விதிகளை இணையத்தை நோக்கிய கார்டில் போட்டுவிட்டால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் இந்த நிறுத்தம் மிக மலிவு. கர்னல் ஒன்றே, இயந்திரத்தின் வேலைதான் வேறு. மறுப்பதற்கு உரிமையுள்ள கெஸ்ட்கள் இப்படிச் சிலவே. மற்றவை கார்டு இல்லாவிட்டாலும் லாகின்வரை வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரிசெய்யவே வழி இருக்காது.

விண்டோஸ் எப்போதும் பூட் ஆகிவிடும், அதன் நோய் பின்னால் வரும். கார்டை இ1000 வகையிலிருந்து விஎம்எக்ஸ்நெட்3-க்கு மாற்றினால் விண்டோஸ் புதிய கார்டாகக் கண்டு டிஹெச்சிபியில் எழுப்பும். பதில் கிடைக்காவிட்டால் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். பழைய நிலையான ஐபியைக் கையால் கொடுத்தால், அது மறைந்திருக்கும் வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது என்று எச்சரிக்கும். போன கார்டின் பதிவு ரெஜிஸ்ட்ரியில் அப்படியே கிடக்கிறது. மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி டிவைஸ் மேனேஜரில் அதை அழித்தால்தான் விடிவு.

சொந்தக் கர்னல் இல்லாத இயந்திரங்கள்

ஃப்ரீபிஎஸ்டி ஜெயில்கள் 2000-இல் 4.0 பதிப்போடு வந்தன, சோலாரிஸ் ஸோன்கள் 2005-இல் சோலாரிஸ் 10-ஓடு. இவற்றுக்குத் தனிக் கர்னல் கிடையாது, கார்டும் ஹோஸ்ட்டினுடையது. ஆகவே காத்திருக்கும் கெஸ்ட் என்று ஒருவரே இல்லை. ஸோனின் அமைப்பில் எழுதிய கார்டு ஹோஸ்ட்டில் இல்லையென்றால் சரிபார்ப்பிலேயே தோற்று ஸோன் பூட் ஆகாது. 2011-இல் வந்த சோலாரிஸ் 11 இதைத் தலைகீழாக்கியது: ஸோன் எழும்போதே அதற்கென ஒரு மெய்நிகர் கார்டு உருவாகும், ஸோன் நின்றதும் அதுவும் போகும். ஏற்கெனவே இருக்கும் கார்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே அங்கே இல்லாமல் போயிற்று.

இன்றைய கன்டெய்னர்களும் அந்த வழியே. குபர்நெட்டிஸில் பாடின் நெட்வொர்க் தளத்தை முதலில் ஒரு சின்னஞ்சிறு கன்டெய்னர் பிடித்துக்கொள்கிறது. நெட்வொர்க் செருகி கார்டை உள்ளே வைத்து முடிக்கும்வரை உங்கள் நிரல் தொடங்குவதே இல்லை. செருகி கெட்டிருந்தால் பாட் ‘உருவாகிக்கொண்டிருக்கிறது’ என்ற நிலையிலேயே கிடக்கும். கெடு வைத்துக் காத்திருக்கும் பழைய முறைகளைவிட இது நேர்மையானது, ஏனென்றால் காத்திருப்பவர் வெளியில் இருக்கிறார், காரணத்தையும் அவரால் சொல்ல முடிகிறது.

வேண்டுமென்றே தாமதமாக வரும் கார்டும் இப்போது உண்டு. வேகத்துக்காக உண்மையான கார்டின் ஒரு பகுதியைக் கெஸ்ட்டுக்கு நேரடியாகக் கொடுப்பார்கள். ஆனால் இயந்திரத்தை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தும்போது அதைப் பறிக்க வேண்டும். 2018-இல் லினக்ஸ் 4.18-இல் சேர்ந்த ஏற்பாட்டில், மெதுவான விர்ட்டியோ கார்டு நிரந்தரமாக இருக்கும், வேகமான கார்டு அதே மேக் முகவரியோடு வந்துபோகும். கெஸ்ட்டின் டிரைவர் தனக்கு இந்த ஏற்பாடு தெரியும் என்று சொல்லும்வரை க்யூஇஎம்யூ வேகமான கார்டைக் காட்டுவதே இல்லை. பூட்டின் தொடக்கத்தில் அது இல்லாதிருப்பது திட்டத்தின் பகுதி. மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடிலும் இதே ஜோடி வேறு டிரைவர்களோடு உண்டு, அங்கேயும் இரண்டு கார்டுக்கும் ஒரே மேக் முகவரி. மேக் முகவரியை மட்டும் வைத்துக் கார்டைத் தேடும் அமைப்புக் கோப்பு அங்கே இரண்டைக் கண்டு திகைக்கும். தவறானதைப் பிடித்துக்கொண்டால், ஹோஸ்ட் பராமரிப்பின்போது அந்தக் கார்டு மறையும் நேரத்தில் ஐபியும் மறையும். அதனால் அங்கே கிளவுட்-இனிட் எழுதும் நெட்பிளான் கோப்பில் மேக் முகவரிக்குப் பக்கத்தில் நிரந்தரக் கார்டின் டிரைவர் பெயரும் ஒரு வரியாக நிற்கிறது.